தொட்டியானின் உயரம்

காலையில் அவள் கிளம்பும்போதே வீட்டுக்காரர் புத்தி சொல்லித்தான் அனுப்பினார். அவர் தையற்காரர். உதட்டில் ஊசியைக் கவ்விக்கொண்டே பேசுவதில் முப்பது வருடப் பழக்கம்.

"போனோமா, படத்தைப் பார்த்தோமா, அவங்க காட்டுற இடத்துல கையெழுத்தைப் போட்டோமான்னு வந்துடு. அங்க எல்லாரும் பெரிய மனுஷங்க. நீ வாயைக் குடுத்து வம்பை விலைக்கு வாங்கிட்டு வராத."

"கையெழுத்துப் போடுறதுக்கா என்னைக் கூப்பிட்டாங்க? தீர்ப்பு சொல்லக் கூப்பிட்டிருக்காங்க."

"அதுக்குத்தான் பயப்படுறேன்" என்று சொல்லிவிட்டு அவர் மிஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

படப்பிடிப்புத் தளங்களில் அவளுக்குப் பெயர் குச்சியக்கா. படத்தில் மனிதர்களோடு வரைந்த பூதமோ பறவையோ சேர்ந்து நடிக்கிறது என்றால், படம் பிடிக்கிற அன்றைக்கு அங்கே பூதமும் இருக்காது, பறவையும் இருக்காது. ஒரு நீளக் குச்சி, அதன் நுனியில் ஆரஞ்சு நிறப் பந்து, அவ்வளவுதான். நடிக்கிறவர்கள் அந்தப் பந்தைப் பார்த்துத்தான் சிரிக்கவேண்டும், அழவேண்டும், கொஞ்சவேண்டும். பூதம் எங்கே நிற்குமோ அங்கே, அதன் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், கை வலிக்க வலிக்கக் குச்சியைப் பிடித்து நிற்பது அவள் வேலை. பிறகு கம்ப்யூட்டரில் குச்சியையும் பந்தையும் அவளையும் சேர்த்து அழித்துவிட்டு பூதத்தை வரைந்து வைப்பார்கள். "என்னை அழிக்கிறதுக்குன்னே சம்பளத்துக்கு ஆள் இருக்கு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு படத்திலும் அவள் நிழல்கூடத் தப்பிப் பிழைத்ததில்லை.

இந்த வருடம் குடும்பப் படங்களுக்கான பரிசுக் குழுவில் வேலை தெரிந்த ஒருவரும் இருக்கட்டும் என்று யாருக்கோ தோன்றி அவளைப் போட்டிருந்தார்கள். மொத்தம் நான்கு நடுவர்கள். தலைவர் ஓய்வுபெற்ற இயக்குநர். குடும்பப் படங்களாக எடுத்துத் தள்ளியவர். அவர் படங்களில் அண்ணன் தம்பியைப் பார்த்துப் பேசமாட்டான், இருவரும் கேமராவைப் பார்த்துத்தான் உருகுவார்கள். அடுத்தவர் குழந்தைகளுக்குக் கதை எழுதும் எழுத்தாளர். மூன்றாவது, பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் டீச்சர். நான்காவதாக இவள், கோடியில் ஒரு நாற்காலி. தலைவர் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அன்றைக்குப் பார்த்த கடைசிப் படம் ஒரு வாடகை வீட்டைப் பற்றியது. அப்பா, அம்மா, ஒன்பது வயதுப் பெண் குழந்தை. அந்த வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் தொட்டியான் என்று நீல நிறத்தில் ஒரு பூதம் குடியிருக்கிறது. வீடும் மனிதர்களும் நிஜம், தொட்டியான் மட்டும் வரைந்தது. அவனை அந்தக் குழந்தை மட்டும்தான் பார்க்க முடியும். அவள் இடுப்பு உயரம்தான் இருந்தான், குண்டுக் கன்னம், உருட்டுக் கண். கடைக்குப் போனால் பொம்மையாக வாங்கிவிடலாம் போல இருந்தான்.

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் தலைவர் காகிதத்தை எடுத்துவிட்டார். சிறந்த குடும்பப் படம் இதுதான், பேச்சே இல்லை என்றார். பரிசோடு நடுவர் குறிப்பும் நாளைக்கு எல்லாப் பத்திரிகையிலும் வரும். அதைப் பாதி எழுதியே கொண்டுவந்திருந்தார், மீதியைப் படம் ஓடும்போதே எழுதி முடித்திருந்தார்.

"படத்துல ஒரே குறை அந்தப் பொண்ணுதான். அதையும் எழுதியிருக்கேன், கேளுங்க" என்று படித்தார். "'சிறுமியாக வருபவருக்கு நடிப்பு கைவரவில்லை. பூதத்தின் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துப் பேசுகிறார். இத்தனை அழகான படத்தின் பலவீனம் அவரே.'"

"உண்மைதான்" என்றார் எழுத்தாளர். "கூரையைப் பார்த்துப் பேசுது. அந்தக் குடைக் காட்சி மட்டும் அருமை. குட்டிப் பூதத்துக்குப் போய் கையை எக்கிக் குடை பிடிக்குதே, அதுல ஒரு கவித்துவம் இருக்கு."

பாட்டு டீச்சர் பேனாவைத் திறந்தார். நான்கு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் குறிப்பு செல்லும். ஐந்து மணிக்குள் அனுப்பவேண்டும். சுவர்க் கடிகாரத்தில் நாலேகால்.

படம் ஓடும்போதே குச்சியக்காவுக்கு விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. அவள் பழக்கதோஷத்தில் பூதத்தைப் பார்ப்பதே இல்லை, நடிக்கிறவர் கண்ணைத்தான் பார்ப்பாள். நடிக்கத் தெரியாத பிள்ளைகளின் கண் அலையும். இந்தப் பெண்ணின் கண் ஓர் இடத்தில் கூட அலையவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை, வெறும் பந்தைப் பார்த்து அப்படி உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறது. நாளைக்குப் பேப்பரில் ஊருக்கே தெரிகிற மாதிரி அதன் தலையில் பழியைப் போடப் போகிறார்கள். வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை அதைச் சத்தமாகப் படித்துக் காட்டும். அதற்குப் பிறகு அந்தக் குழந்தை எந்தப் பந்தைப் பார்க்கும்?

காகிதம் அவளிடம் வந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"நான் போடமாட்டேன் சார்."

தலைவர் முதல்முறையாகத் திரும்பினார். "ஏன்?"

"அந்தப் பொண்ணு சரியாத்தான் பார்க்குது. பூதம்தான் தப்பான உயரத்துல இருக்கு."

எழுத்தாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைவர் சிரிக்கவில்லை. "அம்மா, நீங்க குச்சி பிடிக்கிறவங்க. உங்களை மரியாதைக்குத்தான் உட்கார வெச்சிருக்கோம். நடிப்பைப் பத்தி எங்களுக்கு நீங்க பாடம் எடுக்க வேண்டாம்."

"நடிப்பைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது சார். குச்சியைப் பத்தித் தெரியும். அங்க பிடிச்ச குச்சி ஆறடிக் குச்சி. ஆறடிப் பூதம்னு சொல்லித்தான் அந்தப் பிள்ளையை நடிக்க வெச்சிருக்காங்க. அப்புறம் எவனோ, பெருசா இருந்தா பிள்ளைங்க பயந்துடும், பொம்மை விக்காதுன்னு சொல்லியிருக்கான். பூதத்தைப் பாதியாக் குறைச்சுட்டாங்க. எடுத்த படத்தை மறுபடி எடுக்க முடியாதுல்ல. பிள்ளையோட கண்ணு மேலேயே நின்னுபோச்சு."

"நீங்க அங்க இருந்தீங்களா?"

"இல்ல."

"அப்போ இதெல்லாம் கற்பனை."

"பத்து நிமிஷம் குடுங்க. கற்பனையான்னு நீங்களே பாருங்க. ஒத்துக்கலைன்னா என் பேரை அடிச்சுட்டு மூணு பேரா அனுப்பிக்குங்க."

மூன்று பேராக அனுப்ப விதியில் இடமில்லை என்பது தலைவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு படம் ஓட்டுகிறவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

குச்சியக்கா வெளியே போனாள். நடைபாதை மூலையில் தரை துடைக்கிற கட்டை சாய்ந்திருந்தது. அடியில் இருந்த ஈரத் துணியைக் கழற்றிப் போட்டாள். உள்ளே வந்து, நடுவர்களுக்கென்று தட்டில் வைத்திருந்த பழங்களில் ஓர் ஆரஞ்சை எடுத்துக் கட்டை நுனியில் ஓங்கிக் குத்தினாள். சாறு தலைவருடைய குறிப்பில் தெறித்தது. அவள் மன்னிப்பு கேட்கவில்லை.

"சமையலறைக் காட்சியை ஓட்டுங்க தம்பி. சத்தம் வேண்டாம்."

அது சின்ன அரங்கு. திரை முழங்கால் உயரத்தில் தொடங்கியது. சமையலறைக் காட்சியில் அந்தப் பெண் கிட்டத்தட்ட நிஜ அளவிலேயே நின்றாள். குச்சியக்கா திரைக்கு முன்னால் போய் நின்றதும் படம் அவள் புடவை மேல் ஓடியது, அவள் நிழல் சமையலறைச் சுவரில் விழுந்தது. தொட்டியான் கீழே நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. குழந்தையின் கண்ணைப் பார்த்து, ஆரஞ்சை அவன் தலைக்கு மேலே இரண்டு முழம் தூக்கிப் பிடித்தாள்.

குழந்தை ஆரஞ்சைப் பார்த்துச் சிரித்தது.

எழுத்தாளர் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தார். திரையில் பூதம் அடுப்புப் பக்கம் நடந்தது. குச்சியக்கா கட்டையோடு இரண்டு எட்டு வைத்தாள். குழந்தையின் கண் ஆரஞ்சோடு நகர்ந்தது. பூதம் உட்கார்ந்தது. அவள் கட்டையை இறக்கினாள். கண்ணும் இறங்கியது, ஆரஞ்சு நின்ற இடத்தில் நின்றது. அதற்குக் கீழே தொட்டியான் ஒருத்தரும் பார்க்காமல் தனியாக முழித்துக்கொண்டிருந்தான்.

"இப்போ குடையைப் போடுங்க."

மழையில் குழந்தை கையை எக்கிக் குடை பிடித்தது. ஆரஞ்சு அந்தக் குடைக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அது ஆறடி ஆளுக்குப் பிடிக்கிற குடை, வேறொன்றும் இல்லை. எழுத்தாளர் "கவித்துவம்னு சொல்லித் தொலைச்சேனே" என்று முணுமுணுத்தார்.

"கடைசிக் காட்சி. பிள்ளை முகம் பெருசா வர்ற இடத்துல நிறுத்துங்க."

பூதம் விடைபெறுகிற காட்சி. குழந்தையின் முகம் திரை முழுக்க நின்றது. இரண்டு கண்ணிலும் தண்ணீர் தளும்பியது. ஒவ்வொரு கண்மணிக்குள்ளும் ஒரு பொட்டு ஆரஞ்சு நிறம்.

"பூதம் நீலம்" என்றாள் குச்சியக்கா. "இந்தப் பொட்டு என்னன்னு சொல்லுங்க சார். குச்சியை அழிச்சாங்க, பிடிச்சவளை அழிச்சாங்க. பிள்ளை கண்ணுக்குள்ள இருக்கிறதை அழிக்க மறந்துட்டாங்க."

பாட்டு டீச்சர் கைக்குட்டையை எடுத்தார். "பந்தைப் பார்த்தா இப்படி அழுதுச்சு?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

தலைவர் கனைத்துக்கொண்டார். "சரி. அந்த வரியை எடுத்துடலாம். பிரச்சினை தீர்ந்தது."

"தீரலை சார். சிறந்த குழந்தை நடிகர்னு ஒரு பரிசு இருக்கே, அது இந்தப் பொண்ணுக்கு. ஏன் குடுத்தோம்னு காரணமும் குறிப்புல வரணும்."

"காரணம் எழுதினா பூதத்தைக் குறைச்சதையும் எழுதணும். எடுத்தவங்க கோவிச்சுக்குவாங்க. நாளைக்கு எல்லாரும் எல்லாரையும் பார்க்கணும் இல்லையா?"

"அவங்க தப்பை ஒன்பது வயசுப் பிள்ளை சுமக்கணும், அவங்க கோவிச்சுக்கக்கூடாது. நல்லா இருக்கு சார் நியாயம்."

"அடுத்த வருஷம் உங்களைக் கூப்பிடமாட்டாங்க."

"கூப்பிட வேண்டாம். எடுத்தவங்க கேட்டா குச்சியக்காதான் பண்ணினான்னு சொல்லிடுங்க. எனக்கு ஒண்ணும் வெட்கம் இல்ல."

அவள் கட்டையைக் கீழே வைக்கவே இல்லை. ஆரஞ்சிலிருந்து சாறு மணிக்கட்டு வழியாக வழிந்து முழங்கை வரைக்கும் வந்துவிட்டது. இதைவிட அதிக நேரம் பிடித்து நின்றிருக்கிறாள். கடிகாரம் நாலே முக்காலைத் தாண்டியது.

முதலில் எழுத்தாளர்தான் பேசினார். "அவங்க சொல்றதுதான் சரி. நான் போடுறேன்." பாட்டு டீச்சர் ஏற்கெனவே புதுக் காகிதத்தில் கையெழுத்தைப் போட்டு, மேல்பாதியை வெறுமையாக விட்டுத் தலைவர் பக்கம் தள்ளினார். தலைவர் பேனாவை எடுத்தார், யோசித்தார், மழுப்பலாக ஏதாவது எழுத முடியுமா என்று நான்கைந்து தடவை வாயைத் திறந்து மூடினார். கடைசியில் காகிதத்தைக் குச்சியக்காவிடம் நீட்டிவிட்டார்.

"பரிசு அந்தப் பொண்ணுக்குத்தான். காரணத்தை நீங்களே எழுதுங்க. ஒரே வரி. ஒரு வரிக்கு மேல ஒரு எழுத்துகூட கிடையாது."

அவள் கட்டையை நாற்காலியில் சாய்த்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அவசரமே படாமல், கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'அவள் பார்த்த இடத்தில்தான் தொட்டியான் நின்றான்.' கீழே கையெழுத்துப் போட்டாள்.

தலைவர் இரண்டு முறை படித்தார். "இதைப் படிச்சா யாருக்கு என்ன புரியும்?"

"அந்தப் பொண்ணுக்குப் புரியும்" என்றாள் குச்சியக்கா. "போடுங்க சார் கையெழுத்தை. மணி அஞ்சாகப் போகுது."