முகம் வீங்கும் கல்யாணங்கள்

எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மணியம்மாளுக்கு முகம் வீங்கிவிடும். கண் இடுங்கி, உதடு தடித்து, மூச்சு இழுக்கும். முதலியார்பேட்டைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பிறத்தியார் நன்றாக இருந்தால் அவளுக்குப் பொறுக்காது என்று வாய்க்கு வந்தபடி பேசினார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் மகள் சின்னப்பாப்பாவுக்கு நிச்சயம் செய்த அன்றும் வீங்கியது. மாப்பிள்ளையின் தாய் அமிர்தவல்லி நேராகவே சொல்லிவிட்டாள்: "தாலி கட்டற நேரத்துல நீங்க உள்ளாற இருந்துக்குங்க சம்பந்தி. பாக்கறவங்க ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசுவாங்க."

ஒரே மகள். அவள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பெற்றவள் பார்க்கக் கூடாதாம். மணியம்மாள் அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் ஜானகிராமன் அவள் முன்கையில் வெவ்வேறு சாறுகளைச் சொட்டுச் சொட்டாக வைத்து ஊசிமுனையால் லேசாகக் குத்தினார். ஒரே ஓர் இடம் மட்டும் கொசு கடித்ததுபோல் தடித்துச் சிவந்தது.

"இது தாழம்பூ மகரந்தம். இதுல இருக்கற சத்தை உங்க உடம்பு விஷம்னு நெனச்சிக்குது. அதை எதிர்க்க உள்ளுக்குள்ள ஒண்ணு சுரக்குது. அதுல ரத்தக் குழாய் விரிஞ்சி நீர் கசியுது, அதான் வீக்கம். வீட்டுல தாழம்பூ எங்க வெக்கிறீங்க?"

வேறெங்கே, பட்டுப்புடவைப் பெட்டியில்தான். புருஷன் கோவிந்தராசு வருஷா வருஷம் ஆசையாக வாங்கி வருவார். வாசனைக்காக அதைப் புடவை மடிப்பில் வைப்பாள். கல்யாணம் என்றால்தான் அந்தப் புடவை வெளியே வரும். ஊர் பொறாமை என்று பேசியதெல்லாம் இந்தப் பூவின் தூள்தான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனால் சம்பந்தியிடம் சொல்ல வாய் வரவில்லை, சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டால்?

கல்யாணத்தன்று மாத்திரை போட்டுக்கொண்டு, நூல்புடவை கட்டி, மணப்பெண் அறைக்குள் நுழைந்தாள். நுழைந்ததுமே தும்மல். மாப்பிள்ளை வீட்டுத் தாழம்பூவை மகளின் சடை முழுக்கத் தைத்திருந்தாள் அமிர்தவல்லி. மணியம்மாள் வாசலுக்கு நகர்ந்தாள். தூரத்தில் நின்று பார்த்தால் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மகள் விடவில்லை. "அத்தை, அம்மாவுக்கு இந்தப் பூதான் ஆவாது. டாக்டரே சோதிச்சி சொன்னாரு. இது இருந்தா அவங்க என் பக்கத்துல நிக்க முடியாது."

அமிர்தவல்லி மருமகளின் சடையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, தான் போட்ட தையலைத் தானே அறுத்தாள். சடையை ஈரத்துணியால் துடைத்து மல்லிகைச் சரம் சுற்றினாள். மடல்களைத் தெருக்கோடிக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து, வாசலில் நின்றவளின் கையைப் பிடித்தாள்.

"சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் வர்றேன் சம்பந்தி. வாங்க, பொண்ணு பக்கத்துல வந்து நில்லுங்க."