முள் மட்டும் ஃபுல்

எங்கள் முதலாளி ஆத்தப்பனைப் பொறுத்தவரை எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டினால் போதும். ஆடிட் வருகிறது என்றால் எங்கள் பனியன் கம்பெனியில் தீயணைப்பு சிலிண்டரின் முள் பச்சைக்கு வந்துவிடும், மருந்துப் பெட்டிக்குப் புதுப் பஞ்சு வரும். ஆடிட் முடிந்ததும் பஞ்சு அவர் வீட்டுக்குப் போகும். நான் அவருடைய டிரைவர் முனீஸ், சிவகங்கைப் பக்கத்து ஆள். ஐந்து வருடமாக இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இது நடந்தது இரண்டாயிரத்து ஆறில். டி-சர்ட் வாங்கும் கம்பெனியின் சார்பில் எங்கள் கம்பெனியைச் சோதிக்க, பெங்களூரிலிருந்து ஒரு ஆடிட்டர் அம்மா வரவிருந்தார். எண்பதாயிரம் டி-சர்ட் ஆர்டர் அவர் கையெழுத்தில் தொங்கியது. எல்லாம் எங்கள் கம்பெனிக்குள்ளேயே தைக்கப்படுவதாக ஃபைலில் எழுதியிருந்தோம். உண்மையில் பாதி உருப்படி வேலம்பாளையத்தில் ஒரு தகரக் கொட்டகையில் தைக்கப்பட்டது. என் மனைவி கருத்தம்மாவும் அங்கேதான் தைத்தாள். அது தெரிந்தால் ஆர்டர் போச்சு.

ஆடிட்டுக்கு முதல் நாள் மத்தியானம் முதலாளிக்கு வேறு கவலை வந்துவிட்டது. காரில் பெட்ரோல் முள் எப்போதும் காலி என்றே காட்டும். நான் கிலோமீட்டரைப் பார்த்துப் பெட்ரோல் ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்தம்மாளை இதுலதான் கூட்டிட்டுப் போகோணும். காரு காலின்னு காட்டுனா கம்பெனியும் காலின்னு நெனைச்சுக்குவாங்கப்பா."

முதலாளி வீட்டு வாசலிலேயே சோதனை. பின் சீட்டைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து, சென்சாரை வெளியே எடுத்தோம். ஒரு கம்பி, அதன் நுனியில் எலுமிச்சை அளவுக்குப் பித்தளை மிதவை. ஒயரைக் கழற்றாமல் நான் கம்பியைத் தூக்கினேன். முன் சீட்டிலிருந்து முதலாளி "ஃபுல்லு!" என்று கத்தினார். இறக்கினேன். "காலி!" இப்படிப் பத்துத் தடவை. பெட்ரோல் நாற்றம் தாங்காமல் அவர் மனைவி தெய்வாத்தாள் ஜன்னலைச் சாத்தினார். "ஊட்டையே கொளுத்திப்போட்டுத்தான் உடுவீங்களாட்ட இருக்குது!"

மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். உள்ளே பெட்ரோல் தளும்பியது.

"சென்சார் நல்லாத்தான் இருக்கு மொதலாளி. மிதவை ஓட்டையாகி முங்கிக் கெடந்திருக்கு. அனுப்பர்பாளையத்துல பாத்திரப் பட்டறையில குடுத்தா சாயங்காலத்துக்குள்ள ஓட்டைய அடைச்சுத் தந்துருவாக."

"அதுக்கெல்லாம் நேரமில்லப்பா."

தையல் நூலை எடுத்து வந்தார். கம்பியை மேலே தூக்கி இழுத்துக் கட்டினார். முள் ஃபுல்லில் போய் நின்றது. அதைப் பார்த்து அவருக்கு வந்த பூரிப்பு, மகன் பத்தாவது பாஸானபோதுகூட வந்ததில்லை.

மறுநாள் காலையில் பெட்ரோலுக்குக் காசு கேட்டேன். அவர் எட்டி முள்ளைப் பார்த்தார்.

"ஃபுல்லா இருக்குதேப்பா. எதுக்குப் பெட்ரோலு?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நேத்து நீங்கதான மொதலாளி கட்டுனீக!"

"காலின்னு காட்டறது தப்புன்னு நீதானப்பா சொன்னே? இப்பச் சரியாக் காட்டுது. பெட்ரோல் காசுல கை வெக்கலாம்னு பாக்கறயா?"

திருட்டுப் பட்டம் வேறா! வண்டியை எடுத்தேன்.

ஆடிட் அமர்க்களமாக நடந்தது. அம்மா எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துவிட்டார். விமானத்துக்கு நேரமாகிவிட்டதால் கடைசிக் கையெழுத்தைக் காரிலேயே போட்டுத் தருவதாகச் சொன்னார். அவினாசி ரோட்டில் ஒரே நெரிசல். முதலாளி கொட்டகையையே மறந்துபோகும் அளவுக்கு ஏக குஷியில் இருந்தார். "வேலம்பாளையம் வழியா உடுப்பா" என்றார்.

அம்மா பேனாவைத் திறந்தார். இன்ஜின் இரண்டு தடவை இருமியது. வண்டி இறக்கத்தில் உருண்டு தகரக் கொட்டகை வாசலில் போய் நின்றது. சத்தியமாக நான் கொண்டுபோய் நிறுத்தவில்லை.

"என்னாச்சு?" என்றார் அம்மா.

"பெட்ரோல் தீந்துருச்சு மேடம்."

அவர் முன்னால் குனிந்தார். "ஃபுல்னு காட்டுதே?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

கொட்டகைக் கதவு திறந்தது. தோளில் ஒரு நீல டி-சர்ட்டோடு கருத்தம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, பீஸ் எடுக்க மொதலாளியே வந்துட்டாகளா?"

முதலாளியின் முகத்தைப் பார்த்தபோது முதல் தடவையாக எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. அப்புறம்தான் கருத்தம்மாவின் வேலையும் என் வேலையும் ஞாபகத்துக்கு வந்தன.

அம்மா டி-சர்ட்டின் கழுத்தில் தன்னை அனுப்பிய கம்பெனியின் லேபிளைப் பார்த்தார். மறுபடி முள்ளைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு, ஃபைலை முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினார்.