நூற்றிருபத்தேழுக்கு ஜோடி இல்லை

மாப்பிள்ளை கணக்கு வாத்தியார், அதுவும் சொந்தமாக ஒரு விதி கண்டுபிடித்தவர் என்று தரகர் சொன்ன அன்றே தாணம்மாளுக்கு நீலகண்டனைப் பிடித்துப்போயிற்று. அதற்கு முன் தேரூருக்குப் பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் வயல் எத்தனை, தென்னை எத்தனை என்றுதான் கேட்டார்கள். தேரூர் திருக்கொச்சி மாநிலத்தில் இருந்த காலத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். விதி என்றால் விடுவாளா?

விதி இதுதான். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்களில் ஒன்றோடு ஏதாவது ஒரு பகா எண்ணைக் கூட்டினால், மூன்று முதல் எந்த ஒற்றை எண்ணும் கிடைத்துவிடும். இருபத்தைந்தா? எட்டும் பதினேழும். ஆகா, என்ன அழகு! தாணம்மாள் தேங்காய் திருவும்போதும் துணி அலசும்போதும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். நூறு தாண்டியும் விதி அசையவில்லை. நூற்றிருபத்தேழில் வந்து முட்டியது. ஒன்று, இரண்டு, நான்கு என்று அறுபத்துநான்கு வரை இரட்டிக்கும் எண்களில் எதைக் கழித்தாலும் மிச்சம் வகுபட்டுத் தொலைந்தது.

பாழாய்ப்போன எண்! அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் மாப்பிள்ளை கைவிட்டுப் போவார். சொல்லாவிட்டால் ஒரு தப்பைக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்த வேண்டும்.

"ஏட்டி, பெண்ணு பாக்க வாற அன்னைக்கு நீ மூச்சு விடப்பிடாது. தாலி ஏறட்டும், பொறவு எந்தக் கணக்கும் பேசு" என்று தாயார் பகவதியம்மாள் சொல்லிவிட்டாள்.

அவர்கள் வந்தார்கள். முந்திரிக்கொத்தும் காப்பியும் கொடுத்துவிட்டு தாணம்மாள் கதவோரம் நின்றாள். நீலகண்டனின் தாய்மாமன் சிவதாணு வாய் ஓயாமல் பேசினார். அந்தக் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"நம்ம பய அடுத்த மாசம் நாகர்கோவில்ல வாத்தியாம்மாரு கூட்டத்துல இந்த விதியை எடுத்துச் சொல்லப் போறான், கேட்டேளா!"

கூட்டத்திலா? ஐயோ, மானம் போய்விடுமே!

"எதுவரை பாத்திருக்கீங்க?" தாணம்மாள் கேட்டேவிட்டாள். உள்ளேயிருந்து பகவதியம்மாள் பலமாக இருமினாள்.

"நூறு வரை" என்றார் நீலகண்டன். மூட்டையில் ஒரு கை நெல்லை அள்ளிப் பார்த்து விலை பேசி முடிக்கிற ஊர்க்காரர். நூறு அவருக்குத் தாராளம்.

"நூத்தி இருவத்தேழு வராது."

சிவதாணுவின் முகம் கறுத்தது. "எந்திரிடே, போலாம். மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்லுக பெண்ணு நமக்கு வேண்டாம்."

நீலகண்டன் எழுந்திருக்கவில்லை. விரலை மடக்கி மடக்கிக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி விரலில் அவர் முகம் தொங்கிப்போயிற்று. பிறகு, நம்பமாட்டீர்கள், மனிதர் கடகடவென்று சிரித்தார்!

"போச்சு மாமா, விதி போச்சு! நல்லவேளை, கூட்டத்துக்கு முன்னாலேயே போச்சு." அவள் பக்கம் திரும்பினார். "இது ஒண்ணுதானா? இன்னும் இருக்கா?"

"அடுத்ததும் கண்டு வச்சிருக்கேன்."

"எது? சொல்லு, சொல்லு."

மாமன் முறைக்க, தாயார் தலையில் கைவைக்க, தாணம்மாள் முகத்தை நிமிர்த்தினாள்.

"அதைக் கல்யாணத்துக்குப் பொறவு சொல்லுகேன்."

நீலகண்டன் மாமனின் கையைப் பிடித்துக்கொண்டார். "மாமா, இந்த மாசமே நாள் பாருங்க. ஆவணி வரை என்னால பொறுக்க முடியாது."