ஒரு கப் கூடுதல்

என் வீட்டுக்காரருக்கு எதையும் மூடி வைக்கிற பழக்கமே கிடையாது. கல்யாணமான முப்பத்தாறு வருஷமும் பற்பசை, ஜாம் பாட்டில், பெயின்ட் டப்பா என்று பின்னாலேயே போய் மூடிக்கொண்டிருப்பவள் நான். அதனால்தான் அன்றைக்கு ஹார்ட்னர் கேனின் மூடி இறுக்கமாக இருந்ததைப் பார்த்ததும், இவர் அதைத் திறக்கவே மறந்துவிட்டார் என்று முடிவுகட்டினேன்.

எங்களுடையது கேட்டமரான். இரண்டு ஒல்லிப் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி நடுவே தளம் போட்டாற்போல இருக்கும். இவர் கையால் கட்டிய பாய்மரப் படகு, வயது இருபத்தெட்டு. இடப்பக்கத்துப் படகில் விரிசல் விட்டிருந்தது. உள்ளே முழுக்க ஃபைபர் துணி ஒட்டிப் பலப்படுத்த வேண்டும். இரண்டு கப் ரெசின் பசைக்கு ஒரு கப் ஹார்ட்னர் ஊற்றினால்தான் ஒட்டினது இறுகும். போன மாசம் சுக்கானுக்குக் கலக்கும்போது அதை ஊற்ற மறந்துவிட்டார். அடுப்பை மறந்தார், சொந்தத் தங்கச்சி பெயரை மறந்தார்.

"ஆரம்பம்தான்" என்றார் டாக்டர். "கை பழகின வேலையை விடாம செய்யட்டும். நம்மால முடியும்ங்கிற நினைப்பு போயிட்டா ஆள் படுத்துடுவார்."

அந்த நினைப்பைக் காப்பாற்றத்தான் இந்தப் படகு வேலையே.

இவர் தளத்து மேஜையில் கலக்கி வைத்துவிட்டுப் படகுக்குள் இறங்குவார். நான் திறப்பு வழியாக டப்பாவை நீட்டுவேன். "ஊத்தினீங்களா?" என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். கேட்கவில்லை. மூடி இறுகியிருந்த கேனைத் திறந்து, சத்தமில்லாமல் ஒரு கப் ஊற்றிக் கலக்கி நீட்டினேன். இப்படி ஏழு டப்பா. பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

மூன்று நாள் கழித்தும் இறுகவில்லை. ஃபைபர் வேலைக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தோம். அவர் விரலால் அழுத்தினார். அழிரப்பர் மாதிரி அமுங்கியது.

"ஹார்ட்னர் டபுளா போயிருக்கு சார். இது இனிமே இறுகாது. மொத்தத்தையும் சுரண்டணும்."

இவர் பக்கத்துப் பலகையில் டார்ச் அடித்துக் காட்டினார். பென்சிலில் ஏழு கோடுகள்.

"மறக்கக் கூடாதுன்னு ஊத்தினதும் மூடியை மூடினேன், இறங்கினதும் கோடு போட்டேன்" என்றார். "அப்படியும் ரெண்டு ரெண்டு தடவை ஊத்தியிருக்கேன்."

"ஐயோ, நீங்க ஒரு தடவைதாங்க ஊத்தியிருக்கீங்க. மறந்துட்டீங்கன்னு நினைச்சு இன்னொரு கப் ஊத்தினது நான்!"

"விடும்மா."

"சத்தியமாங்க! ஏழு டப்பாவுலயும் நான்தான்!"

ஃபைபர்காரர் மெதுவாக வெளியே நழுவினார்.

"சுக்கானுக்கும் நீதான்னு சொன்னே" என்றார் இவர், ரொம்பப் பிரியமாக. "கெட்டில் கருகினப்பவும் நீதான்னு சொன்னே. எல்லாத்தையும் உன் தலையில போட்டுக்கிறே."

அப்போதெல்லாம் நம்பிவிட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் கையைப் பிடித்து உலுக்கினேன், கத்தினேன், அழுதேன். அழ அழ, நான் பொய்தான் சொல்கிறேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லாமல் போனது. என் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு வெளியே போய் ஏணியில் தரைக்கு இறங்கினார்.

"மிச்ச வேலையை நீங்களே பாத்துக்குங்க" என்று அவர் கீழே ஃபைபர்காரரிடம் சொல்வது கேட்டது. "இனிமே நான் தொட மாட்டேன்."