புளியமரத்தடியில் நின்ற லாரி

பேளுக்குறிச்சிச் சந்தையில் அன்று காலை யாரோ ஒருவன் அடித்த கிண்டல்தான் கண்ணாயியைக் கிளப்பிவிட்டது.

"அர்த்தனாரி மாமா, உங்க கரியைப் புழிஞ்சா ஒரு குடம் தண்ணி வருமாமே! கோடைக்கு ஆவுமுங்க, புடிச்சு வைங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கண்ணாயியின் அப்பா அர்த்தனாரி சிரிக்கவில்லை. முன்னால் இருந்த கரி மூட்டையின் வாயை அவிழ்த்து, "கையை உட்டுப் பாருங்க சாமி, ஈரம் இருந்தாச் சொல்லுங்க" என்று போவோர் வருவோரையெல்லாம் கெஞ்சினார். கை கறுத்துவிடும் என்று எல்லோரும் ஒதுங்கிப் போனார்கள்.

யுத்தம் தொடங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. பெட்ரோல் கிடைப்பதில்லை. ராசிபுரத்து லாரி கம்பெனி தன் வண்டியின் பக்கத்தில் ஆள் உயர இரும்பு டிரம் ஒன்றைப் பொருத்தி, அதில் கரியை எரித்து வரும் வாயுவில் வண்டியை ஓட்டியது. அந்தக் கரி, அர்த்தனாரி மலைமேல் சோளக்காடு என்ற ஊர்ப் பக்கம் சூளை போட்டு எரித்தது. வண்டியை ஓட்டுகிறவன் அவருடைய மருமகன், கண்ணாயியின் புருஷன் ராசப்பன். கொல்லிமலையில் பிறந்து லாரி ஓட்டக் கற்றவன் அவன் ஒருவன்தான். கண்ணாயிக்கு அதில் கொள்ளைப் பெருமை. மலைக்கு ரோடு கிடையாது. அவன் கீழே கம்பெனிக் கொட்டகையில் படுத்துக்கொண்டான். அவள் மேலே சாமைக் காட்டைப் பார்த்துக்கொண்டாள். சந்தை நாளில்தான் இருவரும் முகம் பார்ப்பது.

மூன்று மாதமாக அதற்கும் நேரமில்லை. பத்து மணிக்கு வர வேண்டிய லாரி பொழுது சாயும்போது வந்தது. மிளகும் பலாவும் வாழைத்தாரும் தலையில் சுமந்து விடியுமுன் இறங்கிய மலைச்சனங்கள், கரடிக்குப் பயந்து வெளிச்சம் இருக்கும்போதே ஏறியாக வேண்டும். கீழே இறக்கிய விளைச்சலைத் திரும்ப மேலே கொண்டுபோகும் வழக்கமும் அவர்களுக்கு இல்லை. கொண்டுபோனால் அடுத்த வெள்ளாமை மண்ணாகிவிடும் என்பார்கள். மொத்தமாக ஏற்றிப்போக வேறு வண்டியும் கிடையாது. ஆகவே லாரி வந்ததும், கம்பெனி ஏஜெண்ட் குப்புசாமி சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டு ஓடினார்கள். ஏன் இத்தனை நேரம் என்று கேட்டால் குப்புசாமியிடம் ஒரே பதில்தான்.

"உங்க மலைக்கரி ஈரமப்பா. வழியெல்லாம் நின்னு நின்னு வருது. நான் என்ன செய்ய?"

ஊரின் ஆத்திரமெல்லாம் அர்த்தனாரியின் தலையில் இறங்கியது. போன வாரம் கோயில் பொங்கலுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. அறுபது வயதில், வீட்டு வாசலைத் தாண்டாமல் அவர் உட்கார்ந்திருந்ததைக் கண்ணாயி பார்த்தாள்.

"நின்னுபோன வண்டிக்கிட்டயே போய்ப் பாக்கறேங்கப்பா," என்று எழுந்தாள். "அந்த ஈரக்கரியில ஒரு கை அள்ளிட்டு வாரேன்."

புருஷனுக்கென்று கொண்டுவந்த களி உருண்டையையும் துணியில் முடிந்துகொண்டாள். பாவம், வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டு பசியோடு நிற்பான்.

ராசிபுரம் ரோட்டில் இரண்டு மைல் நடந்திருப்பாள். வளைவில் ஒரு பெரிய புளியமரம். அதன் நிழலில் லாரி நின்றது. ஏஜெண்ட் குப்புசாமி முன் சீட்டில் துண்டை முகத்தில் போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ராசப்பன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து நுங்கு தின்றுகொண்டிருந்தான்.

"வண்டி நின்னுபோச்சுங்களா?" என்றாள் கண்ணாயி.

நுங்கு அவன் கையிலிருந்து நழுவியது. "நீ... நீ எப்படி இங்க?"

அவள் டிரம்மின் அருகே கையைக் கொண்டுபோனாள். அனல் அடித்தது. அடுப்பு கனகனவென்று எரிந்துகொண்டிருந்தது. பின்னால் கிடந்த கரிச் சாக்குக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்து நெரித்தாள். மொறுமொறுவென்று பொடிந்து உதிர்ந்தது.

"எது ஈரம்? காட்டுங்க."

"கண்ணு, மெல்லப் பேசு. ஏஜெண்ட் தூங்கறாரு."

"தூங்கட்டும்! எங்கப்பன் மூணு மாசமாத் தூங்கலே!"

ராசப்பன் அவள் கையைப் பிடிக்க வந்தான். அவள் கையை உதறினாள்.

"மூணு மணிக்கு முன்னால சந்தைக்குள்ள நுழையக்கூடாதுன்னு உத்தரவு," என்று அவன் தணிந்த குரலில் சொன்னான். "மாட்டேன்னா வண்டியை வேற ஆளுகிட்டக் குடுத்துருவாங்க. ஒரு வருஷம் பல்லைக் கடிச்சா கீழயே ஒரு ஊடு பாத்து உன்னையக் கூட்டிட்டு வந்துருவேன். உனக்காகத்தான் கண்ணாயி..."

"எனக்காகவா? எங்கப்பன் பேரைக் கெடுத்துப் பாக்கற ஊட்டுல நான் வந்து சோறாக்கணுமா?"

சத்தத்தில் குப்புசாமி துண்டை விலக்கினார். "யாரது? ஏ புள்ள, வேலை நேரத்துல பொம்பளைக்கு இங்க என்ன சோலி? போ, போய்ச் சந்தையில இரு."

"போறேனுங்க. போய் எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"சொல்லேன். மலைக்காரி சொன்னா எவன் நம்பறான்?"

கண்ணாயி அவரைப் பார்க்கவே இல்லை. புருஷனையே பார்த்தாள். அவன் வாயைத் திறப்பான் என்று ஒரு நிமிஷம் நின்றாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் களி மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினாள். "நுங்கு இருக்குதில்ல, அதையே தின்னுங்க."

கால் மைல் போயிருப்பாள். பின்னால் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் ஓரமாக ஒதுங்கினாள், திரும்பவில்லை. லாரி பக்கத்தில் வந்து மெதுவாயிற்று. உள்ளே குப்புசாமி, "நிறுத்துடா! யாரைக் கேட்டு எடுத்தே?" என்று கத்துவது கேட்டது.

"ஏறு கண்ணாயி," என்றான் ராசப்பன்.

"எனக்கு நடக்கத் தெரியுமுங்க."

அவளைத் தாண்டிப் போக அவனுக்குத் துணிச்சல் இல்லை. அவள் நடைக்கு ஈடாக உருட்டிக்கொண்டே வந்தான். புகைந்துகொண்டே ஒரு லாரி, ஒரு பெண்ணின் பின்னால் சந்தைக்குள் நுழைவதை அன்று பேளுக்குறிச்சியே பார்த்தது. உச்சிப்பொழுதுகூட ஆகவில்லை.

"இன்னிக்குக் கரி கொஞ்சம் தேவலை," என்று ஆரம்பித்தபடி குப்புசாமி குதித்து இறங்கினார்.

"நீங்க சொல்லாதீங்க," என்று குறுக்கே வந்து நின்றாள் கண்ணாயி. "ஓட்டறவரு சொல்லட்டும்."

ராசப்பன் படியில் நின்றான். "கரி நல்ல கரிதானுங்க..."

"கேக்கலே!" என்றாள் மிளகு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த பெருமாயி.

"கரி நல்ல கரி! ஒரு நாளும் வண்டி நிக்கலீங்க. புளியமரத்தடியில நிறுத்திட்டு உக்காந்திருந்தோம். நீங்க மலையேறற நேரம் வரட்டும்னு."

சந்தையில் எழுந்த கூச்சலில் குப்புசாமி லாரியோடு ஒட்டிக்கொண்டார். யாரோ அவருடைய தராசைத் தூக்கி எறிந்தார்கள்.

"ராசப்பா, இந்த நிமிஷமே உன்னைய வேலையை உட்டு நிறுத்திட்டேன்!"

"சரிங்க." ராசப்பன் எஞ்சினை அணைத்துவிட்டு, அதைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலை அவர் கையில் கொடுத்தான். "வண்டியை நீங்களே ஓட்டிட்டுப் போங்க."

"ஏறுங்க சாமி," என்றாள் பெருமாயி. "ராசிபுரம் வரைக்கும் நாங்க தள்ளி உடறோம்."

குப்புசாமிக்கு வண்டியைத் திருப்பக்கூடத் தெரியாது. பொழுதும் நிறைய இருந்தது. அன்றைய விலையை மலைச்சனங்கள் சொன்னார்கள். அவர் தலையை ஆட்டி, ஹேண்டிலை ராசப்பனிடமே திருப்பி நீட்டினார்.

சுமை ஏறிக்கொண்டிருக்கும்போது ராசப்பன் மாமனாரின் எதிரில் போய் நின்றான். அர்த்தனாரி மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா..."

"என் கரி எனக்குத் தெரியும். அதைப் பத்தி நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்." முடிச்சை இறுக்கினார். "மருமவன் எனக்காக ஒரு வார்த்தை சொல்லுவான்னு வாரா வாரம் உன் முகத்தையேதான் பாத்துட்டிருந்தேன். நீயும் என் முகத்தைப் பாத்துட்டேதான இருந்தே?"

ராசப்பன் திரும்பினான். கண்ணாயி பின்னால் நின்றிருந்தாள்.

"இந்த லோடை இறக்கினா வேலை முடிஞ்சுது," என்றான். "மலைக்கு வாரட்டுமா?"

"வாங்க. உங்க ஊடுதான, யாரு வேண்டாம்னது?" அவள் குரல் இறங்கவில்லை. "வந்ததும் சோளக்காட்டுல ஆரம்பிங்க. அப்புறம் செம்மேடு. சந்தைக்கு வராதவங்க ஊருக்கு ஊரு இருக்காங்க. ஊடு ஊடாப் போய், இப்பச் சொன்னதை அப்படியே சொல்லோணும்."

"நீயும் வருவியா?"

"வராம? ஒரு வார்த்தையை முழுங்கினாலும் எனக்குத் தெரியோணுமில்ல?"

சொல்லிவிட்டு அவள் அப்பாவின் மூட்டையைத் தூக்கக் குனிந்தாள். ராசப்பன் மறுமுனையைப் பிடித்தான். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அவன் முகத்தையும் பார்க்கவில்லை.