மான் எங்கே கிடைக்கும்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாகத் தொடங்கவில்லை. அமெரிக்க இணையதளம் ஒன்றுக்கு நான் எழுதிக்கொண்டிருந்த கட்டுரையின் நடுவில் முளைத்தது. கட்டுரையின் தலைப்பு: 'வெள்ளைவால் மான் வேட்டைக்கு உங்கள் வட்டாரத்தில் சிறந்த இடம் எது?'

என் வட்டாரம் ராஜபாளையம். இங்கே வெள்ளைவால் மான் கிடையாது. நான் எம்.எஸ்சி. விலங்கியல் முடித்தவள். படிப்புக்கேற்ற வேலை கிடைக்கும்வரை வீட்டிலிருந்தபடி இப்படி எழுதிக் கொடுக்கிறேன். பூனைக்கு ஏன் முடி கொட்டுகிறது, கிளிக்கு என்ன பழம் ஆகாது, இந்த மாதிரி. யாரிடமும் நேரில் பேச வேண்டாம். அதனாலேயே எனக்குப் பிடித்த வேலை.

2.

தொடக்கத்துக்குச் சில வரிகள் எழுதிப் பார்த்தேன்.

'மலைக்கு மேலே கருமேகங்கள் திரண்டு' (அன்று மேகமே இல்லை. ஏப்ரல் மாதம்.)

'அவள் கூச்ச சுபாவம் உள்ளவள்' (எனக்கு முன்பே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டது.)

'அத்தான் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.' இது போதும்.

"என்ன கொழுந்தியா, மான் படமா ஓடுது?"

"கட்டுரை அத்தான்."

"என்ன கட்டுரை?"

சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, இங்க வா. உன் தங்கச்சி அமெரிக்காக்காரனுக்கு மான் எங்க கிடைக்கும்னு சொல்லிக் குடுக்கா. அத்தானுக்குச் சொல்ல மாட்டாளாம்."

"நீங்க எங்க கேட்டிய?" என்றாள் அக்கா.

"இப்பக் கேக்கேன். எங்க கிடைக்கும்?"

விளையாட்டாகத்தான் கேட்டார். அக்காதான் (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு விருப்பமில்லை, முடிக்கிறேன்) அக்காதான் பெருமையாகச் சொன்னாள்: "அவளுக்கு நம்ம காட்டு மானப் பத்தியே தெரியும். ஒரு கோடை முழுக்க ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டுல மான் புழுக்கை எண்ணுனவ."

"புழுக்கை எண்ணுததுக்கா காலேஜு?" என்று மறுபடியும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப, இந்த வெயில்ல எந்தத் தண்ணிக்கு வரும்னு உனக்குத் தெரியும்?"

3.

சிரிப்பு ஏன் நின்றது என்பதற்கு ஒரு விளக்கம் தேவை.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகி சில நாள்தான் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மறுவீட்டு விருந்து. மாப்பிள்ளை வீட்டாருக்கு நாங்கள் கறிச்சோறு போட வேண்டும். அத்தானுடைய பெரியப்பா சோலைச்சாமி, மம்சாபுரத்தில் மாந்தோப்பு உள்ளவர், தகப்பன் இல்லாத அத்தானை வளர்த்தவர். அவர் கல்யாணப் பந்தலிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டார்: "எங்க வீட்டு மறுவீடு மான்கறி இல்லாம நடந்ததில்ல தாயி. பாத்துக்கிடுங்க."

துப்பாக்கி அவர்களிடம் இருக்கிறது. நாய் இருக்கிறது. ஆனால் புலிகள் காப்பகமான பிறகு காட்டுக்குள் முன்போலச் சுற்ற முடியாது. வனக்காவலர் வந்துவிடுவார். ஒரே தடவை போக வேண்டும், ஒரே இடத்துக்குப் போக வேண்டும். அந்த இடம்தான் தெரியவில்லை.

எனக்குத் தெரியும்.

4.

அத்தானை வில்லனாக எழுதிப் பார்த்தேன். பெரிய மீசை வைத்தேன். பொருந்தவில்லை. ராணுவத்தில் இருக்கிறார், தினமும் முகம் மழிக்கிறவர். கல்யாணம் முடிந்த கையோடு அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர். என்னை ஊமை என்று கூப்பிடாத ஒரே உறவுக்காரர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மாட்டுனா உங்க வேலை போயிரும் அத்தான்," என்றேன்.

"மாட்டுனாத்தான?"

5.

இனி இடம்.

மலையடிவாரத்திலிருந்து ஏறினால் [இங்கே ஒரு பெயர் இருந்தது. அழித்துவிட்டேன்] தாண்டி, ஒரு பாறைக்குழி. கோடையிலும் அதில் தண்ணீர் நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் பக்கம் இல்லை. (இதையும் அழித்திருக்க வேண்டும். இல்லை என்று சொல்வதும் ஒரு துப்புதான். போகட்டும், இது பொய்யாகவும் இருக்கலாம்.)

அங்கே புள்ளிமான்கள் வரும். பயந்தால் புள்ளிமானும் வாலைத் தூக்கும், அடியில் வெள்ளையாகத் தெரியும். ஒருநாள் மத்தியானம் நான் பாறையோரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண்மான் குட்டியோடு வந்து என்னைப் பார்த்தது. வாலைத் தூக்கவில்லை. தலை குனிந்து தண்ணீர் குடித்தது. நான் மூச்சுவிடப் பயந்தேன். அதற்கு என்னிடம் பயமில்லை.

அமெரிக்கக் கட்டுரையை முடித்தீர்களா என்று கேட்பீர்கள். முடித்தேன். அமெரிக்காவில் சட்டப்படி சுடுகிறவனுக்கு ஒரு பருவம் உண்டு, மானுக்கு மீதி ஆண்டு உண்டு. இந்த வாதம் முழுதாக நிற்காது என்றும் எனக்குத் தெரியும். முகம் தெரியாத மானைப் பற்றி எழுதுவது எளிது.

ஆனால் கோடையில், இருக்கிற ஒரே தண்ணீருக்கு முன்னால் ஒளிந்திருந்து சுடுவதற்கு வேட்டை என்று பெயர் வைக்க மாட்டேன். யார் வைத்தாலும் ஒத்துக்கொள்ளவும் மாட்டேன்.

6.

அம்மா கேட்டாள்: "ஏட்டி, நீயா சுடப் போற? இடத்தத்தான கேக்காவ?"

நான் பதில் சொல்லவில்லை.

"அவிய வீட்டுல உங்க அக்கா காலம்பூரா பேச்சு வாங்கணுமா? ஒத்த மானுக்காவ?"

அதற்கும் சொல்லவில்லை. நான் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். சுடிதார் நிறத்திலிருந்து கல்லூரிவரை அப்படித்தான் முடிவானது. அன்றும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் அத்தான் பெரியப்பாவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என் முன்னால் நீட்டினார்.

"சொல்லு தாயி," என்றது சோலைச்சாமி மாமாவின் குரல். "எந்தத் தண்ணி?"

"தெரியும் மாமா. சொல்ல மாட்டேன்."

அந்தப் பக்கம் நாய் குரைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"யாரு பேசுதது? அந்த ஊமப்புள்ளையா?"

"ஆமா மாமா. நான்தான்."

"அம்புட்டுக்கு ஆயிட்டியா? சரி. ஞாயித்துக்கிழம வாரேன். வந்து உக்காருதேன். இலையில கைய வைக்கனா இல்லையான்னு பாரு."

பெரியவர் சாப்பிடாமல் எழுந்தால் பந்தியே எழுந்துவிடும். விருந்து முடிந்து சாயங்காலம் அக்கா அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

7.

இந்த இடத்தில் எனக்குக் கிடைத்த மாற்று முடிவுகள்.

அ. வேறு இடத்தைச் சொல்லிவிடுவது. தோழி ஷெரின் கொடுத்த யோசனை இது. "ஏதாவது ஒரு ஓடையச் சொல்லு பிள்ள. போவாவ, வெறுங்கையோட வருவாவ, நீ தப்பிச்சிருவ." புத்திசாலித்தனமான முடிவுதான். எனக்கு வேண்டாம். பொய் சொன்னால், பாவம் இவளுக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தும் சொல்லவில்லை என்றும் தெரிய வேண்டும்.

ஆ. வனத்துறைக்கு போன் செய்வது. அத்தானைப் பிடிப்பார்கள், வேலை போகும், அக்கா திரும்பி வந்து எங்கள் பழைய அறையில் (இல்லை, இதை எழுத மாட்டேன்.) இன்னும் யாரும் எதையும் சுடவில்லை. சுடப் போனால் செய்வேன். இதை அத்தானிடமே சொல்லிவிட்டேன்.

இ. சொல்லிவிடுவது. இதை எழுதக் கை வரவில்லை. நீங்கள் எழுதினால் அவளுக்கு வேறு பெயர் வையுங்கள்.

8.

அவர்கள் மலைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு என்ன வரும்னு யோசிச்சியாட்டி?"

"யோசிச்சேன்."

"யோசிச்சுமா?"

"யோசிச்சுத்தான்."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமா, வேறு ஏதாவதா, எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி எழுதினால் பொய். வெங்காயத்தில் பாதியை என் பக்கம் தள்ளினாள். "அப்ப உரி," என்றாள்.

9.

பந்திப்பாய் விரித்து இலை போட்டாயிற்று. சோலைச்சாமி மாமா நடுவில் உட்கார்ந்தார். அவருக்கு இடப்பக்கம் அத்தான். விருந்து என்றால் நான் அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டேன். இன்று அம்மாவின் கையிலிருந்த கறி வாளியை வாங்கிக்கொண்டு நேராக அவர் இலைக்கு முன்னால் போய் நின்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காது சுட்டது. நின்றேன்.

"என்ன கறி?" என்றார்.

"ஆட்டுக்கறி மாமா."

"மான் எங்க?"

"காட்டுல இருக்கு மாமா."

அத்தான் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கினாரா என்று என்னால் பார்க்க முடியவில்லை.

மாமாவின் இலை காய்ந்தே இருந்தது. இன்னும் தண்ணீர் தெளிக்கவில்லை. அவருடைய வலது கை நகர்ந்தது. டம்ளர் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பாயிலிருந்து எழுவதானாலும் அந்தக் கையைத்தான் ஊன்ற வேண்டும்.

இங்கே நிறுத்துகிறேன். எனக்கு முடிவு தெரியும். சொல்ல மாட்டேன். இதைச் சொல்லப் பழகிவிட்டேன்.

நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். அவரைத் தண்ணீர் தெளிக்கவையுங்கள், அல்லது எழவையுங்கள். அக்காவைச் சிரித்துக்கொண்டோ அழுதுகொண்டோ கார் ஏற்றுங்கள். என்னைத் திட்டவும் செய்யலாம், உங்கள் இஷ்டம்.

வாளியில் இருப்பது ஆட்டுக்கறி. அதை மட்டும் மாற்றக் கூடாது.