நடுப்பக்கம் இல்லாத கோப்பு

வெளியுறவு அமைச்சகத்தில் எந்தக் கோப்பிலும் பக்கத்துக்கு ஒன்றாக மூன்று யோசனைகள் இருக்கும். முதலாவது சூடு, மூன்றாவது மௌனம். நடுவில் இருப்பது ‘ஆழ்ந்த கவலை’. அமைச்சர் நடுப்பக்கத்தை மட்டும் படித்துக் கையெழுத்துப் போடுவார்.

போர் தொடங்கிய நான்காம் நாள் காலை, துணைச் செயலாளர் கொண்டுவந்த கோப்பில் இரண்டே பக்கங்கள்.

“நடுவுல உள்ளது எங்கம்மா?” என்றார் அமைச்சர்.

“எடுத்துட்டேன் சார். அது இருந்தா மத்த ரெண்டையும் நீங்க படிக்க மாட்டீங்க.”

பக்கத்தில் நின்ற பிரிவுத் தலைவருக்கு இருமல் வந்துவிட்டது. எதை நீட்டினாலும் ஒரு கமா சேர்ப்பார் என்பதால் அவருக்குக் ‘கமா சார்’ என்று பெயர்.

அமைச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் படித்தார். ஒன்று, படையெடுத்த நாட்டை இன்றே கண்டிப்பது. மற்றொன்று, அதை இரண்டு நாள் தள்ளிவைத்து, இரு நாட்டுத் தூதர்களையும் இன்றே அழைத்து, போரில் சிக்கிய நம் நர்சுகள் பஸ்ஸில் வெளியேற எட்டு மணி நேரப் போர்நிறுத்தம் கேட்பது.

“உங்க தங்கச்சியும் அங்கதானே நர்சு? அவளுக்காக எழுதினதா?”

“நூத்தி நாப்பது பேர்ல அவளும் ஒருத்தி சார். என் கோவத்துக்கு எழுதியிருந்தா முதல் பக்கத்தோட நிறுத்தியிருப்பேன். ஆஸ்பத்திரி மேல குண்டு போட்டவன வாய் வலிக்கத் திட்டணும். ஆனா இன்னிக்குத் திட்டினா நாளைக்கே அவன் ஊர்ல இருக்கிற நம்ம தூதரகத்த மூடிடுவான். பஸ்ஸுக்கு அனுமதி யார் வாங்குவா?”

“பயந்துட்டோம்னு பேசுவாங்களே?”

“ரெண்டு நாள் பேசட்டும் சார். நர்சுங்க எல்லை தாண்டினதும் நாம பேசறதுக்கு இதோ கண்டன அறிக்கை, ரெடியா இருக்கு.”

அமைச்சர் சிரித்தார். இரண்டாவது பக்கத்தில் கையெழுத்து விழுந்தது. மதியத்துக்குள் இரண்டு தூதர்களும் வந்து போனார்கள். ஒருவர் உடனே தலையசைத்தார். மற்றவர் மூன்று கோப்பை தேநீர் குடித்த பிறகு.

கையெழுத்தான மூன்றாம் நாள் காலை துணைச் செயலாளரின் போன் அடித்தது.

“அக்கா, எல்லை தாண்டிட்டோம். நாலு பஸ்ஸும்.”

“எண்ணிட்டீங்களா?”

“ரெண்டு தடவை. யாரும் விடுபடல. முதல்ல நல்லா இருக்கியான்னு கேளு!”

“நல்லா இருக்கேன்னு உன் வாயே சொல்லுதே. சாப்பிட்டுத் தூங்கு. அக்காவுக்கு வேலை இருக்கு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அறிக்கையை நீட்டினாள். கமா சார் பேனாவோடு இரண்டு முறை படித்தார்.

“என்னம்மா, ‘கவலை’ன்னு ஒரு வார்த்தைகூட இல்ல?”

“இல்ல சார். இனிமே எதுக்கு?”

அவர் பேனாவை மூடினார்.

“அப்படியே அனுப்பு.”